வால்தெல்லீனாவில் லாரிச் சத்தம் கேட்காமல் சைக்கிள் ஓட்ட முடியுமா?

"செப்டம்பரில் ஒரு வாரம் வட இத்தாலி போகிறோம். நானும் மனைவியும் ரோடு பைக் ஓட்டுபவர்கள், பந்தயக்காரர்கள் இல்லை. வால்தெல்லீனா பள்ளத்தாக்கைப் பலரும் சொல்கிறார்கள், ஆனால் அங்கே நெடுஞ்சாலையில் வண்டிகள் நெருக்கித் தள்ளும் என்றும் கேள்விப்படுகிறோம். அமைதியான சாலைகள் உண்டா, இல்லை ஸ்தெல்வியோ மாதிரியான பெரிய கணவாய்கள் மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நிறையவே உண்டு. ஆனால் அவை தானாகக் கண்ணில் படாது. வரைபடச் செயலியில் கோலிகோவிலிருந்து போர்மியோ என்று போட்டால் அது நேராக உங்களை எஸ்.எஸ். 38 என்ற நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடும். முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். இருபது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் காது அடைத்துவிட்டது. அதன்பிறகு வெவ்வேறு பருவங்களில் பலமுறை அங்கே போய் ஓட்டியதில் ஒன்று புரிந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு அமைதியான சாலைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒன்று திராட்சைக்காகப் போட்டது, ஒன்று அணை கட்டுவதற்காகப் போட்டது, ஒன்று நானூறு ஆண்டுக்கு முந்தைய அரசியலால் பிறந்தது, ஒன்று மண்சரிவுக்குப் பிறகு கைவிடப்பட்டது. அந்தக் காரணம் தெரிந்தால் எந்தச் சாலையில் எந்த நேரத்தில் போகலாம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். அதனால் காரணத்தோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இடத்தின் அமைப்பு. கோமோ ஏரியின் வடமுனையில் இருக்கும் கோலிகோவிலிருந்து ஆதா ஆற்றோடு கிழக்கே போகிறது பள்ளத்தாக்கு. மோர்பேன்யோ, சோந்த்ரியோ, தீரானோ என்று ஊர்கள். தீரானோவில் வடக்கே திரும்பி, ஏறிக்கொண்டே போய் 1,225 மீட்டர் உயரத்தில் போர்மியோவில் முடிகிறது. கோலிகோ 200 மீட்டரை ஒட்டிய உயரம், தீரானோ 440 மீட்டர்தான். ஆகவே முதல் மூன்றில் இரண்டு பாகம் கிட்டத்தட்டச் சமதளம், கடைசி மூன்றில் ஒரு பாகம்தான் ஏற்றம். வடகரை தெற்கு பார்த்தது, நாள் முழுக்க வெயில் விழும். அதனால்தான் திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் அந்தப் பக்கம். தென்கரையில் ஓரோபியே மலைகள், அடர்ந்த காடு, நிழல். செப்டம்பர் வெயிலில் எந்தக் கரை என்பது முக்கியமான முடிவு.

ஆற்றோரப் பாதையிலிருந்து தொடங்குங்கள். சென்தியேரோ வால்தெல்லீனா என்று பெயர். கோலிகோவிலிருந்து போர்மியோ வரை 114 கிலோமீட்டர், மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத சைக்கிள், நடைப் பாதை. சில இடங்களில் மட்டும் ஊர்ச்சாலைகளோடு சேர்ந்து பிரியும். பெரும்பகுதி தார், நடுநடுவே அழுத்திய சரளை. 28 மில்லிமீட்டர் டயர் போதும், 25 என்றால் கொஞ்சம் எலும்பு உலுக்கும். மழை பெய்திருந்தால் மரப்பலகைப் பாலங்களில் வளைவு எடுக்காதீர்கள், நேராகப் பிடித்துப் போங்கள். அந்தப் பலகைகள் ஈரத்தில் சோப்பு மாதிரி.

கோலிகோ பக்கத்தில் முதல் சில கிலோமீட்டர்களை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். ஏரியும் ஆறும் சேரும் இடத்தில் பியான் தி ஸ்பாஞா என்ற சதுப்புநிலக் காப்பகம் இருக்கிறது. நாணல், நீர்ப்பறவைகள், காலையில் பனிமூட்டம். பெயருக்கு "ஸ்பெயின்காரர் சமவெளி" என்று பொருள். மிலான் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, 1603-இல் அதன் ஆளுநர் ஃபுவென்தெஸ் இங்கே ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். அதன் இடிபாடுகள் ஒரு சின்ன மேட்டில் இன்னும் நிற்கின்றன. பள்ளத்தாக்கு அப்போது ஆல்ப்ஸுக்கு அந்தப் பக்கமிருந்த கிரிசன் மக்களின் கையில் இருந்தது. 1512 முதல் 1797 வரை அவர்கள் ஆட்சிதான். வாசலில் ஸ்பெயின்காரர் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டார்கள். இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், கீழே ஒரு கணவாய்க்கு வரும்போது தேவைப்படும்.

இனி காற்று. இதை எந்த வழிகாட்டியும் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை. நல்ல வானிலை நாட்களில் அதிகாலையில் மலையிலிருந்து ஏரியை நோக்கி ஒரு காற்று, அதற்குத் திவானோ என்று பெயர். நண்பகல் வாக்கில் அது நின்று, ஏரியிலிருந்து பள்ளத்தாக்குக்குள் பிரேவா என்ற காற்று புகும், மாலை வரை வீசும். அதனால் மதியம் கோலிகோவிலிருந்து கிழக்கே போனால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மதியம் சோந்த்ரியோவிலிருந்து மேற்கே வந்தால், சமதளத்திலேயே மலை ஏறுகிற மாதிரி இருக்கும். பதினோரு மணிக்குக் கோலிகோவில் ரயிலை விட்டு இறங்கினால் சரியான நேரம். மிலான் சென்ட்ரலில் இருந்து தீரானோ போகும் ரயில் லெக்கோ, கோலிகோ, சோந்த்ரியோ வழியாகத்தான் போகிறது. தீரானோ வரை இரண்டரை மணி நேரம் ஆகும். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். அந்தப் பாதையில் சில கோடைகாலங்களில் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விட்டிருக்கிறார்கள், பேருந்தில் சைக்கிள் ஏற்றுவது கஷ்டம். பயணத்துக்கு முந்தின வாரம் கட்டாயம் பாருங்கள்.

சோந்த்ரியோ வரை ஆற்றோரம் வந்தாயிற்று. அங்கிருந்து தீரானோவுக்கும் ஆற்றோரமே போகலாம், ஆனால் போகாதீர்கள். மேலே ஏறுங்கள். என்னைக் கேட்டால் முழுப் பள்ளத்தாக்கிலும் சிறந்த 35 கிலோமீட்டர் இதுதான்.

சோந்த்ரியோவை ஒட்டி மொந்தாஞா என்று ஒரு ஊர். அங்கே தொடங்கி திரெசீவியோ, போந்தே, கியூரோவின் மேல்பகுதி, தேலியோ என்று சரிவின் நடுவயிற்றில் வளைந்து வளைந்து போகிறது ஒரு சாலை. பானொராமிகா தெய் கஸ்தெல்லி, கோட்டைகளின் காட்சிச் சாலை என்று பெயர். கீழே நெடுஞ்சாலை ஓடுவது பொம்மைபோலத் தெரியும், சத்தம் மேலே வராது. அவசரமாகத் தீரானோ போகிறவர் யாரும் இந்த வளைவுகளில் வரமாட்டார். தோட்டத்துக்குப் போகிறவர்கள், ஊர்க்காரர்கள், அப்புறம் சைக்கிள்காரர்கள், அவ்வளவுதான். சோந்த்ரியோ 300 மீட்டர், தேலியோ 850 மீட்டர். ஆனால் ஒரே ஏற்றமாக இல்லாமல் ஏறி இறங்கி ஏறி என்று வருவதால் கால் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள். பள்ளத்தாக்கு முழுவதும் சேர்த்தால் அந்தச் சுவர்களின் நீளம் சுமார் 2,500 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். பாறைச் சரிவில் சுவர் கட்டி, பின்னால் மண்ணைக் கீழிருந்து முதுகில் சுமந்து கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். பகலில் கல் உறிஞ்சிய சூடு இரவில் கொடிக்குப் போகும், மழைநீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். இப்படிச் சுவர் அடுக்கும் கலையை 2018-இல் இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கே விளையும் நெபியோலோ திராட்சைக்கு உள்ளூர்ப் பெயர் கியாவென்னாஸ்கா. சஸ்ஸெல்லா, க்ருமெல்லோ, இன்ஃபெர்னோ, வால்ஜெல்லா என்று சரிவுகளின் பெயராலேயே மதுப்புட்டிகளைக் கேட்பார்கள். இன்ஃபெர்னோ என்றால் நரகம். அந்தச் சரிவில் ஒரு ஆகஸ்ட் மதியம் ஏறினால் பெயருக்குக் காரணம் தெரியும்.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை. இயந்திரம் எதுவும் ஏற முடியாத சரிவு என்பதால் எல்லாம் கையால் பறிப்பதுதான். பழக்கூடைகளை இறக்க ஒற்றைத் தண்டவாள வண்டிகள் இருக்கின்றன, சில இடங்களில் ஹெலிகாப்டரே வருகிறது. குறுகிய தோட்டச் சாலைகளில் சிறிய டிராக்டரும் பியாஜியோ ஆபே மூன்று சக்கர வண்டியும் வரும். நம்மூரில் லோடு ஆட்டோவாக ஓடுகிறதே, அதன் தாய்வீடு இந்த நாடுதான். வளைவில் எதிரே திடீரென்று வந்தால் அவருக்கு வழி விடுங்கள். பழம் நசுங்காமல் போய்ச் சேரவேண்டிய வேலை அவருக்கு இருக்கிறது, நமக்கு ஒரு அவசரமும் இல்லை.

போந்தேயில் கட்டாயம் நிறுத்துங்கள். பழைய கல்வீதிகள், ஆப்பிள் தோட்டங்கள், சதுக்கத்தில் ஒரு சிலை. ஜுஸெப்பே பியாத்ஸி, 1746-இல் இந்த ஊரில் பிறந்தவர், 1801 ஜனவரி 1 அன்று இரவு சீரீஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்த வானியலாளர். இந்த ஊரிலிருந்து இரவில் வானத்தைப் பார்த்திருக்கிறேன். எதிரே ஓரோபியே மலைகளின் கருநிழல், மேலே அவ்வளவு நட்சத்திரம். ஒரு பையன் இங்கே வளர்ந்து வானியலாளர் ஆனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

தேலியோவுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேருவது போலத் திட்டமிடுங்கள். வால்தெல்லீனா என்ற பெயரே இந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான். பீத்ஸோக்கெரி என்ற உணவுக்கு இதுதான் தலைநகர். பக்வீட் என்ற கருநிற மாவில் செய்த பட்டையான நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காஸேரா பாலாடைக்கட்டி, பூண்டு போட்டுக் காய்ச்சிய வெண்ணெய். இறைச்சி கிடையாது. ஆனால் பாதித் தட்டோடு நிறுத்துங்கள். முழுத் தட்டு சாப்பிட்டுவிட்டு மீண்டும் சைக்கிள் ஏறுவது நடக்காத காரியம். இன்னொன்று, சமையலறை இரண்டு மணிக்கெல்லாம் மூடிவிடும். ஒருமுறை இரண்டேகாலுக்குப் போய் நின்று, பையில் இருந்த ஒரு வாழைப்பழத்தோடு தீரானோ வரை போனேன். மளிகைக் கடைகளும் பன்னிரண்டரையிலிருந்து மூன்று, மூன்றரை வரை மூடியிருக்கும். தண்ணீர்க் கவலை மட்டும் கிடையாது. ஏறக்குறைய ஒவ்வொரு ஊர்ச் சதுக்கத்திலும் கல் நீரூற்று ஓடிக்கொண்டிருக்கும். "நோன் பொதாபிலே" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

தேலியோவிலிருந்து திரெசெந்தாவுக்கு இறங்கும் வளைவுகள் செங்குத்தானவை. கீழே வந்ததும் நெடுஞ்சாலையைக் கடந்து ஆற்றோரப் பாதையைப் பிடித்துத் தீரானோ போய்விடலாம். தீரானோவில் ஒரு காட்சியைத் தவறவிடாதீர்கள். சுவிட்சர்லாந்திலிருந்து பெர்னினா கணவாய் தாண்டி வரும் சிவப்பு ரயில், பெரிய மாதா கோயிலின் முன்னால், கார்களோடு கார்களாகத் தெருவிலேயே ஓடும்.

தீரானோவுக்கு மேலே கதை மாறுகிறது. இங்கிருந்து போர்மியோவரை சுமார் 40 கிலோமீட்டர், 800 மீட்டர் ஏற்றம். குரோசியோவில் ரூபே மாஞா என்ற பாறையைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கால உருவங்களைக் கீறியிருக்கிறார்கள். அதைவிட நான் அதிகம் சொல்ல விரும்புவது சோந்தலோவுக்கு அப்பால் வரும் இடத்தைப் பற்றி.

1987 ஜூலையில் பள்ளத்தாக்கு முழுவதும் பெருமழை, வெள்ளம். ஜூலை 28 காலையில் வால் போலா என்ற இடத்தில் மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து விழுந்தது. சுமார் 4 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும். சாந்த் அந்தோனியோ மொரிஞோனே என்ற ஊர் முழுக்கப் புதைந்தது. அதன் மக்களை முன்பே வெளியேற்றியிருந்தார்கள். ஆனால் அங்கே தேங்கியிருந்த நீர் அலையாக எழுந்து, ஆபத்தில்லை என்று நினைத்திருந்த அக்விலோனே என்ற கிராமத்தை அடித்தது. 27 பேர் இறந்தார்கள், வழியைச் சீர்செய்துகொண்டிருந்த தொழிலாளர்களும் அதில் உண்டு. அதன்பிறகு போட்ட புதிய நெடுஞ்சாலை பெரும்பாலும் சுரங்கங்களுக்குள் போகிறது, அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. லாரியும் காரும் சுரங்கத்துக்குள் போய்விட்டதால் பழைய சாலையும் சைக்கிள் பாதையும் நமக்கு விடப்பட்டன. எதிர்ச்சரிவில் அந்தத் தழும்பு இன்றும் வெளிறிப்போய்த் தெரிகிறது. அந்தச் சாலையின் அமைதி எப்படி வந்தது என்று தெரிந்தபின் நான் அங்கே வேகமாக ஓட்டியதே இல்லை. லெ ப்ரேஸே தாண்டியதும் வரும் ஏற்றம்தான் இந்தப் பகுதியில் கடினமானது, சின்ன கியரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணவாய்கள். ஸ்தெல்வியோ 2,757 மீட்டர், போர்மியோ பக்கமிருந்து 21.5 கிலோமீட்டர் ஏற்றம். கார்லோ தொனெகானி வடிவமைத்து 1825-இல் முடித்த சாலை, பொறியியல் அதிசயம், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் மோட்டார் பைக் கூட்டம் தாங்காது. நீங்கள் கேட்டது அமைதி என்பதால் அதை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். ஒரே விதிவிலக்கு, ஆண்டுதோறும் சில நாட்களில் ஸ்தெல்வியோ, காவியா, மோர்த்திரோலோ போன்ற ஏற்றங்களை மோட்டார் வண்டிகளுக்கு மூடிச் சைக்கிளுக்கு மட்டும் திறந்துவிடுகிறார்கள். அந்தத் தேதிகளோடு உங்கள் வாரம் பொருந்தினால் யோசிக்காமல் போங்கள். மோர்த்திரோலோ மாட்ஸோ ஊர்ப் பக்கமிருந்து 12.4 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்கும் மேல். கார் குறைவுதான், ஆனால் அது உடம்புக்கு அமைதி தராது. போர்மியோவிலிருந்து லிவிஞோ போகும் சாலையைத் தொடவே வேண்டாம். லிவிஞோ வரிவிலக்குப் பகுதி, பெட்ரோல் போடவும் பொருள் வாங்கவும் போகிற கார்கள் வரிசை கட்டும்.

நான் சொல்லும் கணவாய் சான் மார்கோ. மோர்பேன்யோவிலிருந்து தென்கரையில் அல்பாரேதோ வழியாக ஏறுகிறது. சுமார் 26 கிலோமீட்டர், 262 மீட்டரில் தொடங்கி ஏறக்குறைய 1,990 மீட்டர் வரை. மேலே நான் நினைவில் வைக்கச் சொன்ன ஸ்பெயின்காரர் விஷயம் இங்கே வருகிறது. வெனிஸ் குடியரசு தன் பெர்கமோ மாவட்டத்திலிருந்து வடக்கே கிரிசன்களோடு வணிகம் செய்ய வேண்டும். ஏரி வழியாகப் போனால் ஸ்பெயின்காரரின் மிலான் எல்லைக்குள் போய் அவர்களுக்குச் சுங்கம் கட்டவேண்டும். அதைத் தவிர்க்க பெர்கமோவின் வெனிஸ் ஆளுநர் அல்வீசே பிரியூலி 1592, 1593-இல் மலைமேல் ஒரு வழி போட்டார், அதற்கு வியா பிரியூலா என்று பெயர். வெனிஸின் புனிதர் மார்கோவின் பெயரே கணவாய்க்கும் வந்தது. இன்று சரக்கெல்லாம் வேறு வழியில் போகிறது, பெரிய ஊர் எதையும் இந்தச் சாலை இணைப்பதில்லை. அதனால்தான் வாரநாள் காலையில் அங்கே உங்கள் மூச்சுச் சத்தமும் மாட்டுமணிச் சத்தமும் மட்டும் கேட்கும். வார இறுதியில் மோட்டார் பைக்குகள் வரும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏற்றம் பெரும்பாலும் 6, 7 சதவீதம், கொடூரமான இடங்கள் இல்லை. நீளம்தான் சோதிக்கும். முன்னால் 34, பின்னால் 34 பல் இருந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். அல்பாரேதோவுக்குப் பிறகு கடை கிடையாது, அங்கேயே தண்ணீரையும் ரொட்டியையும் நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் பாதி செஸ்நட் மரநிழல், பிறகு ஊசியிலைக்காடு, கடைசியில் வெட்டவெளிப் புல்வெளி. திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் பனிமலைகள். குளிர்காலத்தில் சாலையை மூடிவிடுவார்கள், செப்டம்பரில் திறந்திருக்கும்.

ஒரு வாரத்தில் ஒரே ஒரு பெரிய நாள்தான் முடியும் என்றால் சான் மார்கோவா, அணை ஏரிகள் இருக்கும் காங்கானோவா என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் மனைவிக்கும் பிடிக்க வேண்டும் என்றால் காங்கானோ.

அது போர்மியோவுக்கு மேலே. பிரேமாதியோ பக்கமிருந்து ஒரு சாலை பாறைச்சுவரில் அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, 1,941 மீட்டர் உயரத்தில் இரண்டு பழைய காவல்கோபுரங்களுக்கு நடுவே புகுந்து, ஒரு அகலமான மேட்டுப் பள்ளத்தாக்கில் உங்களைக் கொண்டுபோய் விடும். இடைக்காலத்தில் வால்தெல்லீனாவின் மது வடக்கே போன வழிகளில் இதுவும் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டில் மிலான் நகரின் மின்சாரத்துக்காக மேலே இரண்டு அணைகள் கட்டினார்கள், சாலையும் அந்த வேலைக்காக அகலமானது. அணை முடிந்தது, சாலை மட்டும் மிச்சம். அதற்கு அப்பால் கார் போகும் கணவாய் எதுவும் இல்லை. 2020-இல் ஜீரோ தித்தாலியா பந்தயத்தின் ஒரு கட்டம் இங்கே முடிந்தபிறகு பெயர் பரவிவிட்டது, இருந்தாலும் காலை ஒன்பதுக்கு முன்னால் போனால் வளைவுகள் உங்களுடையவை.

மேலே போனதும் தார் முடிந்து சரளை தொடங்கும், ஆனால் சமதளம்தான். ஏரிகளை ஒட்டி மெதுவாகப் போங்கள். சான் ஜாக்கோமோ ஏரியின் மேற்கு முனையில் வால் அல்பிசெல்லா என்ற சின்னப் பள்ளத்தாக்கு திறக்கும். அங்கே ரோடு பைக் உதவாது, பூட்டி வைத்துவிட்டு நடங்கள். கல்லுக்கு நடுவே தண்ணீர் பொங்கி வரும் இடத்தைக் காட்டும் பலகை இருக்கும். கோலிகோவிலிருந்து கூடவே வந்தீர்களே அந்த ஆதா ஆறு, அது அங்கேதான் பிறக்கிறது. கையை நனைத்துப் பாருங்கள், செப்டம்பரிலும் விரல் விறைத்துவிடும். இறங்கும்போது காற்றுத் தடுக்கும் மேலாடையும் முழுவிரல் கையுறையும் இருவருக்கும் வேண்டும். மதியத்துக்குப் பிறகு அந்தப் பாறைச்சுவரின் சில வளைவுகளில் வெயில் விழாது.